சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

டோர்வலில் பழைய வீடு வாங்கிய எம்மவர் சிலரது நிலக்கீழ் அறையில் கொதிகலனும், மேலே இரும்பு ரேடியேற்றர்களும் இருக்கும். கொதிகலன் அருகே தொங்கும் சிறிய உருளையைப் பலர் கவனிப்பதில்லை. அதுதான் விரிவுத் தொட்டி.

தண்ணீரை 10 பாகை செல்சியசிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கனவளவு ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். 200 லீற்றர் நீர் சுமார் 6 லீற்றர் பெருகும். மூடிய குழாய்களுக்குள் அதற்கு இடமேது? தொட்டியின் நடுவே ஓர் இறப்பர்ச் சவ்வு உண்டு. ஒருபுறம் நீர், மறுபுறம் காற்று. நீர் பெருகும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும்.

சவ்வு கிழிந்தால் தொட்டி நீரால் நிறைந்துவிடும். அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு சுடுநீரைச் சொட்டத் தொடங்கும். வீட்டுக் கொதிகலன்களில் அது பொதுவாக 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திறக்கும். ஒழுக்கு என்று எண்ணி அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் வெளியேற வழியின்றிக் கொதிகலன் வெடிக்கவும் கூடும்.

60 பாகை நீரே சில செக்கன்களில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னும் விரைவாக. ஆகவே சிறுவர்களை அங்கே விடாதீர்கள். சொட்டுவதைக் கண்டால் கொதிகலனை நிறுத்தி, உரிமம் பெற்ற தொழிலாளரை அழையுங்கள். குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை தொட்டியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.