ஆச்சி சொன்ன வெள்ளம்

நான் படித்த காலத்தில் விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. மில் சங்கு ஊதினால் அப்பாக்கள் ஷிப்டுக்குக் கிளம்புவார்கள். அதை வைத்தே நாங்கள் பைக்கட்டைத் தூக்குவோம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி பாபநாசத்தில் தொடங்கிய நூற்பாலை அது. ஊர் அதற்கும் பழசு, பெருத்தது ஆலையால்தான்.

வகுப்பில் ஆற்றுப் பாடம் வந்தால், சுவரில் தொங்கும் படத்தில் சார் பிரம்பால் கோடு இழுப்பார். பொதிகையில் பிறக்கிறது, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, மறுநாள் ஒப்பிக்க வேண்டும். ஆறு நடந்துபோகும் தூரத்தில்தான் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரும் அனுப்பவில்லை.

ஒப்பித்தலை நான் குறைவாகப் பேச மாட்டேன். சிவஞான முனிவர் பிறந்த ஊர் இது. 18ஆம் நூற்றாண்டில், சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தெருவழி வந்த திருவாவடுதுறைத் தம்பிரான்களை வீட்டுக்கு அழைத்துவந்து, பிறகு அவர்களோடு மடத்துக்கே படிக்கப் போனவர் என்று எங்கள் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். ஏடு அரிதாக இருந்த காலத்தில் மனசுதான் நூலகம். ஒப்பிக்காதவனிடம் படிப்பு தங்காது. எங்கள் கையில் அச்சுப் புத்தகம் வந்த பின்னும் அந்த முறை மட்டும் தங்கிவிட்டது, அதன் காரணம் போன பிறகும்.

அப்புறம் எல்லாம் வேகமாக வந்தது. 2011இல் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப், 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி. ஆனால் டீச்சர்களான எங்களைப் புரட்டிப் போட்டது 2020. கொரோனாவில் பள்ளியைப் பூட்டினார்கள், வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வீட்டுப்பாடத்தின் போட்டோ எனக்கு வரும். சில வீடுகளிலிருந்து வரவே வராது. அந்தப் பிள்ளைகளின் பெயர்களை இன்னும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

கருவிகளோடு வளரும் தலைமுறையை டிஜிட்டல் உலகத்தின் பூர்வகுடிகள் என்று அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதினார். நாமெல்லாம் அங்கே குடியேறியவர்களாம். நானும் அதை வெகுநாள் நம்பினேன். ஒரு நாள், ரீல்ஸ் வெட்டி ஒட்டிப் பாட்டும் சேர்க்கத் தெரிந்த ஒரு பையனிடம் கம்ப்யூட்டர் லேபில் ஒரு ஃபைலைச் சேமிக்கச் சொன்னேன். அது எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்யவும் வரவில்லை. மைக்கைத் தொட்டுப் பேசித்தான் பழக்கம். விரல் வேகம் வேறு, விவரம் வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் வேலை முடிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை ஜங்ஷனும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீரில் நின்றன. ஜனவரியில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில், உங்களுக்கு வந்த வெள்ள வீடியோக்களைச் சொல்லுங்கள் என்றேன். கை தூக்காத பிள்ளை இல்லை. ஒன்றை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். கார் ஒன்று மிதந்து போகிறது. பார்த்து முடித்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர்ப் பெயர் சொன்னார்கள். மறுபடி ஓட்டி, நடுவில் நிறுத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், கடை போர்டு மலையாளத்துல இருக்கு!" அதற்கப்புறம் நான் பாடம் நடத்தவில்லை, அவர்களே நடத்தினார்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், யார் அனுப்பியது என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஒரு வேலை கொடுத்தேன். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர் ஒருவரை மூன்று நிமிடம் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். கேட்டதைக் கையால் எழுத வேண்டும். அதே தெருவில் இன்னொருவரிடமும் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தத் தேடுபொறியிலும் இதற்கு விடை கிடைக்காது.

ஒரு பெண் கொண்டுவந்த பதிவில், பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தத்துக்கு நடுவே அவள் ஆச்சி பேசினார். ஆட்டைக் கட்டிய கயிற்றை அறுத்துவிட்டது, நெல் மூட்டை ஊறி மணத்தது, தண்ணீர் சுவரில் எதுவரை ஏறியது, எல்லாம் இருந்தது. வெள்ளம் ராத்திரி வந்தது என்றார் அவர். "எங்க ஆச்சி விடியக்காலம்னுல்லா சொல்லுதாவ" என்று இன்னொருத்தி எழுந்தாள். இரண்டு ஆச்சிகளுக்காக வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

மனப்பாடத்தை நான் விட்டுவிடவில்லை. மாதம் ஒரு செய்யுள் இன்னமும் ஒப்பிக்க வைக்கிறேன். கையில் கருவி இல்லாத நேரத்தில் பிள்ளைக்குச் சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும். வகுப்பில் திரை குறைய வேண்டும் என்று 2023இல் ஸ்வீடன் அச்சுப் புத்தகங்களின் பக்கம் திரும்பியது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கைபேசியை ஒளித்துவைத்திருந்தால் அந்த ஆச்சியின் குரல் என் வகுப்புக்குள் வந்திருக்காது.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் நோட்டை நீட்டினாள். ஆச்சி காட்டிய இடத்தைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்திருக்கிறாள். பேனாவில் 'நாலடி' என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் குறித்திருந்தாள்: 'இன்னொரு ஆளிடம் இன்னும் கேட்கவில்லை.'