20 லட்சத்தில் ஒளிந்திருப்பவர்கள்

2023 பிப்ரவரியில் நடந்த டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஏலத்தில் சாய் சுதர்சனை லைகா கோவை கிங்ஸ் அணி 21.60 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் அணியில் அவருடைய விலை 20 லட்சம். உலகமே பார்க்கும் போட்டியைவிட உள்ளூர்ப் போட்டியில் அவருக்கு மதிப்பு அதிகம்! மூன்றே மாதத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிரான ஐபிஎல் இறுதிப் போட்டியில் 47 பந்துகளில் 96 ரன் அடித்தார். 2025-ல் 759 ரன்களோடு ஆரஞ்சுத் தொப்பி அவர் தலைக்கு வந்தது.

கோவை அணி சோதிடம் பார்த்து எடுக்கவில்லை. 2021-ல் தன் முதல் டிஎன்பிஎல் ஆட்டத்திலேயே, அதே அணிக்காக, அவர் 43 பந்துகளில் 87 அடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார்கள். மற்றவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்தார்கள், இவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

மலிவில் நல்ல ஆளைத் தேடும் இந்த வேலை எங்கள் பக்கத்திலும் நடக்கும். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய திருமாகறலீசர் கோயிலைத் தேடித்தான் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஐபிஎல் நெருங்கும் நாட்களில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் பேச்சே வேறு. செல்போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேன்டசி டீம் போடுவார்கள். பதினொரு பேரை எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு, மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பும் உண்டு. ரன், விக்கெட், கேட்ச் எல்லாவற்றுக்கும் புள்ளி. கேப்டனுக்கு இரட்டிப்பு. கோலியையும் பும்ராவையும் எடுக்க யாருக்கும் யோசனை தேவையில்லை, எல்லோருடைய டீமிலும் அவர்கள் இருப்பார்கள். மலிவு விலையில் கடைசியாக எடுக்கும் மூன்று நான்கு பேர்தான் சீசனின் முடிவில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுவார்கள்.

இந்த விளையாட்டின் பூர்விகம் பேஸ்பால். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, நிஜ வீரர்களைக் கற்பனையாக ஏலம் எடுத்து ஒரு லீக் நடத்தினார். மலிவு வீரரைக் கண்டுபிடிக்கும் கலையை நிஜ ஏலத்தில் செய்து காட்டியது ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் அணி. 2002-ல் நியூயார்க் யாங்கீஸ் 12 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓக்லாண்டின் கையில் இருந்தது சுமார் 4 கோடி. அணியின் பொது மேலாளர் பில்லி பீன், அழகாக அடிப்பவர்களைத் தேடாமல், எப்படியாவது அவுட் ஆகாமல் முதல் தளத்துக்குப் போய்விடுபவர்களைத் தேடினார். முழங்கையில் நரம்பு பாதித்து, கேட்சர் வேலைக்கு இனி ஆகமாட்டார் என்று மற்ற அணிகள் ஒதுக்கிய ஸ்காட் ஹாட்டபெர்கை எடுத்து முதல் தளத்தில் நிறுத்தினார். அந்த அணி தொடர்ந்து 20 ஆட்டங்கள் வென்றது. இருபதாவது வெற்றியைத் தந்த ஹோம் ரன்னை அடித்தவர் ஹாட்டபெர்க்!

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பேன்டசி விலை பெரும்பாலும் போன வருஷத்துப் பேரை வைத்துத்தான் போடப்படுகிறது. வரப்போகும் சீசனில் அந்த ஆளுக்கு என்ன வேலை தரப்போகிறார்கள் என்பது அதில் இருக்காது. கடைக்கு வருபவர்கள் பட்டுச்சேலையில் ஜரிகைப் பளபளப்பைப் பார்ப்பார்கள். நெசவு தெரிந்தவர் சேலையைத் திருப்பிப்போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையில் விரலை ஓட்டிப் பார்ப்பார். வீரர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மொத்த ரன்னைவிட, எந்த இடத்தில் இறங்கினார் என்பது முக்கியம். மொத்த விக்கெட்டைவிட, எந்த ஓவரில் பந்து கொடுத்தார்கள் என்பது முக்கியம்.

சுனில் நரைன் நல்ல சாட்சி. 2023-ல் அவர் பேட்டிங்கில் சேர்த்தது சொற்ப ரன். கீழ் வரிசையில் எப்போதோ இறக்கினார்கள். 2024-ல் கவுதம் கம்பீர் ஆலோசகராகத் திரும்பியதும் கொல்கத்தா அணி அவரை மறுபடி தொடக்க ஆட்டக்காரர் ஆக்கியது. 488 ரன், 17 விக்கெட், தொடர் நாயகன் விருது. ஆள் மாறவில்லை, வேலைதான் மாறியது. பயிற்சி ஆட்டங்களில் யாரை முதலில் இறக்குகிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

பந்துவீச்சாளர்களில் டெத் ஓவர் போடுபவரைத் தேடுங்கள். கடைசி ஓவர்களில் எல்லோரும் தூக்கி அடிப்பார்கள், ரன் போகும், ஆனால் விக்கெட்டும் விழும். பேன்டசியில் விக்கெட்டுக்குத்தான் கனம். 2021-ல் ஹர்ஷல் படேல் வெறும் 20 லட்சத்துக்கு டெல்லியிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டார். அந்த சீசனில் அவருக்கு ஊதாத் தொப்பியைக் கொண்டுவந்த 32 விக்கெட்டுகள், பிராவோவின் ஐபிஎல் சாதனைக்குச் சமம். அடுத்த ஏலத்தில் அவர் விலை 10.75 கோடி.

நடராஜன் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டே ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. விலை சரிந்ததே தவிர யார்க்கர் எங்கும் போகவில்லை. 2020-ல் 16 விக்கெட். அதே குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 சீசன் முழங்கால் காயத்தில் போனது. பலர் அவரை மறந்துவிட்ட 2022-ல் 18 விக்கெட் எடுத்தார். காயத்திலிருந்து திரும்பும் தேர்ந்த பந்துவீச்சாளரை விலை குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வருண் சக்ரவர்த்தியும் 2022-ல் 6 விக்கெட்டோடு முடித்து, அடுத்த ஆண்டு 20 எடுத்தார். ஒரு மோசமான சீசனை வைத்து ஆளைக் கழித்துக்கட்டுபவர்கள்தான் மற்றவர்களுக்கு வழிவிடுகிறார்கள்.

ஆல்ரவுண்டர்களை எடுக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். 2023-ல், ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தபிறகு, அரைகுறையாகப் பந்து போடும் பேட்ஸ்மேனை அணிகள் பந்துவீச அழைப்பதே குறைந்துவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் ஆல்ரவுண்டர் என்று இருக்கும், ஓவர் கிடைக்காது.

பணம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்தது, பேன்டசி செயலியான டிரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. எனக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை. தறிக்கூலியில் வீடு ஓடும் ஊர்களில் ஒரு நாள் கூலி ஒரு டீமுக்குப் போவது சின்ன விஷயம் அல்ல. பணம் இல்லாமலும் இந்த விளையாட்டு ருசிக்கும், சொல்லப்போனால் அப்போதுதான் ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கும் பொறுமை வருகிறது.

அந்தப் பொறுமைக்கு ஏற்ற இடம் டிஎன்பிஎல். 2018, 2019-ல் காஞ்சி வீரன்ஸ் என்று நம் பெயரிலேயே ஓர் அணி இருந்தது, பிறகு அது நெல்லைக்குப் போய்விட்டது. மறுபடி இந்தப் பக்கம் ஓர் அணி வர வேண்டும் என்பது என் ஆசை. வருண் 2018-ல் மதுரை பேந்தர்ஸுக்காக 9 விக்கெட் எடுத்த பிறகுதான் பஞ்சாப் அணி அவருக்கு 8.40 கோடி கொடுத்தது, அவருடைய அடிப்படை விலை 20 லட்சம். நத்தத்திலும் திருநெல்வேலியிலும் சேலத்திலும் டிஎன்பிஎல் நடக்கும் மாலைகளில் 18, 20-ஆவது ஓவரைப் போடுவது யார், பவர்பிளேயில் சுழலை இறங்கி அடிக்கும் இடக்கையர் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஐபிஎல் ஏலத்தில் அவர்களுடைய பெயர்கள் அடிப்படை விலையில்தான் வாசிக்கப்படும்.