திடீர் அழுகையும் இருதுருவ மனநோயும்

மனித மனம் ஒரே நிலையில் நிற்பதில்லை. காலையில் உற்சாகம், மாலையில் சலிப்பு என்பது எல்லோருக்கும் உள்ளதே. அந்த ஏற்றமும் இறக்கமும் அளவு மீறி, நாள்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் தொழிலையும் குடும்பத்தையும் கெடுக்கும்போதுதான் அது நோயாகிறது. மருத்துவர்கள் இதை 'பைபோலார்' என்பர். தமிழில் இருதுருவ மனநோய் என்கிறோம். 2003ஆம் ஆண்டிலிருந்து இந்நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஆலுவாவில் குடும்பம் நடத்தி வருபவள் நான். நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, குறிப்பாகத் திடீரென வரும் அழுகையைப் பற்றி, அறிந்தவற்றை எழுதுகிறேன்.

இது அபூர்வமான நோய் அல்ல. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. ஒரு துருவம் எழுச்சி: தூங்காமலே களைப்பின்மை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு, சட்டென்ற கோபம். இது பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். மறு துருவம் சோர்வு. இது இரண்டு வாரமோ அதற்கு மேலோ நிற்கும். ஆகவே, பத்து நிமிடம் அழுதுவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பவருக்கு 'மறுபடி ஆரம்பிச்சிருச்சு' என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்று வகை அழுகை

முதல் வகை, எல்லோருக்கும் உள்ள அழுகை. என் தாயார் காலமானபோது நான் அழுதேன். வந்திருந்த உறவினர் சிலர் ஆறுதல் சொல்வதற்கு முன், "மாத்திரை போட்டியா?" என்றுதான் கேட்டார்கள். அது நோயல்ல, துக்கம். அழுத பின் மனம் லேசாகும். நாள் போகப் போகச் சாப்பாடும் தூக்கமும் பழையபடி ஆகும்.

இரண்டாவது, சோர்வின் அழுகை. அழுதாலும் பாரம் குறையாது. பசி, தூக்கம், ஆர்வம் எல்லாம் மாறும். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் விடாது. இப்படி நாள்தோறும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு துருவமும் கலந்த நிலை. கண்ணில் நீர் வடியும்; அதே சமயம் பேச்சு வேகமாகும், எரிச்சல் பொங்கும், தூக்கம் இராது. தற்கொலை எண்ணம் செயலாக மாறும் அபாயம் இதில் அதிகம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தனியாக விடக் கூடாது.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனம் சோர்ந்து அழுகை வரலாம். லித்தியம் சாப்பிடுவோருக்கு அது குறைய வாய்ப்புண்டு என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம்.

வீட்டில் செய்யக் கூடியவை

சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நாள்தோறும் இரண்டு எண்கள் குறிக்கிறேன்: தூங்கிய மணி நேரம், மனநிலைக்கு மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை ஒரு மதிப்பெண். மருத்துவருக்கு என் வாய்ப்பேச்சைவிட இந்தத் தாள்கள்தாம் அதிகம் உதவுகின்றன. தூக்கம் குறைவது பலருக்கு எழுச்சியின் முதல் அறிகுறி; அதைத் தூண்டுவதும் அதுவே. ஊருக்குப் போகும் இரவுப் பயணம், கல்யாண வீட்டுக் கண்விழிப்பு, ஆலுவா சிவராத்திரி எல்லாவற்றிலும் நம்மவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முடிந்தவரை நான் பகல் வண்டியில்தான் போகிறேன்.

அழுகை வந்தால் அடக்க முயல்வதில்லை. முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்காருவேன். அன்று பணம், வேலை, உறவு பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை.

மருந்து

லித்தியம் ஒருவகை உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை வெளியிட்டார். உடலில் நீரோ சோற்றுப்பு சத்தோ குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் கூடிவிடும். வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, திடீரென உப்பில்லாப் பத்தியம், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றில் கவனம் தேவை. கை நடுக்கம் அதிகமாதல், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'இப்ப நல்லாத்தானே இருக்கு' என்று மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியே சாப்பிட்டால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும். ஆகவே முன்பு எழுச்சி வந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மொழி ஒரு தடை

மட்டாஞ்சேரியிலோ ஆலுவாவிலோ மருத்துவரிடம் போகும் நம் பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர் "விஷமம் உண்டோ?" என்றால் குறும்பைப் பற்றிக் கேட்கவில்லை, மனவருத்தம் உண்டா என்கிறார். நாம் "சங்கடமா இருக்கு" என்று அசௌகரியத்தைச் சொன்னால், அவர் துக்கம் என்று எடுத்துக்கொள்வார். ஆகவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எத்தனை மணி நேரம் தூங்கினோம், எத்தனை நாளாக அழுகை என்று கணக்காகச் சொல்லுங்கள். தமிழிலேயே பேச வேண்டுமானால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உண்டு. எண் 14416, கட்டணமில்லை, இரவிலும் கிடைக்கும்.

வழிபாடும் வைத்தியமும்

சோற்றானிக்கரை பகவதியிடம் மனநோயாளிகளை அழைத்துப் போகும் வழக்கம் நம்மிடமும் உண்டு. நானும் போய்க் கும்பிட்டிருக்கிறேன். மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. வைத்தியம் இல்லாமல் அடைத்துவைப்பதன் முடிவை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம்: சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

உங்கள் வீட்டில் இந்நோய் உள்ளவர் அழுதால், பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்சம் பொறுத்து, "நேத்து ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். தூங்கியிருந்தால் பெரும்பாலும் அழ விடலாம். தூங்காத இரவு இரண்டு சேர்ந்திருந்தால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். சாகிற பேச்சு வந்தாலோ, தூங்கியதையும் கணக்கில் கொள்ள வேண்டாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.