அட்டையின் அருமை

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பேருந்தில் மாலை வேளையில் ஏறினால், பாடசாலை விட்டு லயத்துக்குத் திரும்பும் சிறுவர் இருவர் மூவர் ஒரே கைத்தொலைபேசியின்மேல் தலை கவிழ்ந்திருக்கும் காட்சியைக் காணலாம். திரையிலே ஒரு பொதி கிழிகிறது. ஐந்து அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. கடைசி அட்டை பொன்னொளி வீசிவிட்டாலோ பேருந்தே அதிரும்படி ஆரவாரம் எழுகிறது. அவர்களுடைய பாட்டனார் சேர்த்த முத்திரைகளும் தீப்பெட்டிப் படங்களும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை. பேரன் சேர்ப்பதோ தொலைதேசத்துக் கணினியொன்றில் அவன் பெயருக்கு எழுதப்பட்ட ஒரு பதிவு மட்டுமே.

அவ்வட்டை ஏன் அரியது? அரியதாயின் அதற்கு விலை உண்டா? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் வேறுவேறானவை. தமிழிலே அருமை என்னுஞ் சொல், கிடைத்தற்கரிய தன்மையையும் மதிப்பையும் சேர்த்தே உணர்த்துகிறது. பேச்சுக்கு அது வசதியாக இருக்கலாம். வாணிகத்திலே அந்த மயக்கந்தான் பொறியாகிறது.

அருமை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய ஊவா மக்கள் வெளியே செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை இம்மலைகளிலே கச்சான் வீசுகிறது. கச்சான் என்றதும் வறுத்த கடலை நினைவுக்கு வருமாயின் அதனை ஒருகணம் மறந்துவிடுக. இங்கே குறிப்பது காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. பகலில் வறட்சியும் இரவிற் குளிரும் சேர, கொழுந்தின் வளர்ச்சி தளர்கிறது. அதன் மணமோ தனித்தன்மை பெறுகிறது. அப்பருவத்துத் தேயிலையின் மணத்துக்காகவே கொழும்பு ஏல விற்பனையில் வாங்குவோர் போட்டியிடுகின்றனர். அந்த வாரங்கள் போனால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். எக்கம்பனியும் கட்டளையிட்டு அக்காற்றை வரவழைக்க இயலாது.

முத்திரையின் அருமை வேறு வகையானது. இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் தேதி ஆறு பென்ஸ் விலையில் வெளியாயிற்று. 1859இல் வந்த நான்கு பென்ஸ் முத்திரை ஒன்று, மங்கிய ரோஜா நிறமுடையது, ஓரத்தில் துளையிடப்படாதது. இன்று இலங்கை முத்திரைகளுள் மிக அரியதாகச் சேகரிப்போர் போற்றுவது இதையே. அரியதாக இருக்க வேண்டுமென்று எவரும் அதை அச்சிடவில்லை. கடிதத்தில் ஒட்டினார்கள், கடிதம் கிழிந்தது, முத்திரையும் போயிற்று. எஞ்சியவை சில.

டிஜிட்டல் அட்டையிலே காற்றுமில்லை, காலத்தின் தேய்வுமில்லை. கணினியில் ஒரு படத்தை ஒரு கோடி முறை பிரதி செய்வதற்கும் ஒருமுறை செய்வதற்கும் செலவில் வேறுபாடு மிகச் சிறிது. ஆதலின் அங்கே அருமை என்பது வெளியிடுவோர் இடும் கட்டளை. 2014இல் வெளியான ‘ஹார்த்ஸ்டோன்’ என்னும் விளையாட்டில் அட்டைகள் சாதாரணம், அரியது, மிக அரியது, புராண வகை என நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டன. வேண்டாத அட்டையை அழித்து ‘தூள்’ ஆக்கலாம். தூளைக் கொண்டு வேண்டிய அட்டையை ஆக்கலாம். புராண வகை அட்டையொன்றை அழித்தால் 400 அளவு தூள் கிடைக்கும். அதே வகை அட்டையொன்றை ஆக்கவோ 1600 வேண்டும். நான்கை அழித்தால் ஒன்று என்பது கணக்கு. அவ்வட்டையை இன்னொருவருக்கு விற்கவும் அவ்விளையாட்டில் வழியில்லை. அரியது என்ற பட்டம் இருக்கிறது, சந்தை இல்லை.

சந்தை இருந்தாலும் அருமை தானாக விலையாவதில்லை. 1856இல் அச்சிடப்பட்ட பிரித்தானியக் கயானாவின் ஒரு சத முத்திரை உலகில் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டுள்ளது. அதனினும் அரியதாக ஒரு முத்திரை இருத்தல் இயலாது. 2014இல் அது ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 2021இல் 83 லட்சத்துக்கே விற்பனையாயிற்று. அதன் அருமை அணுவளவும் குறையவில்லை, விலை குறைந்தது. ஒரு பிள்ளை தன் கொப்பியில் வரைந்த மயிலும் உலகில் ஒன்றே; அதை வாங்க ஆள் வேண்டுமன்றோ?

இதனினும் வியப்பானது ‘ஆர்ட்டிஃபாக்ட்’ என்னும் விளையாட்டின் வரலாறு. வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அவ்விளையாட்டில் அட்டைகளைப் பணத்துக்கு வாங்கவும் விற்கவும் இடமிருந்தது. ஆடுவோர் தொகை விரைவில் அருகிற்று. அட்டைகளின் விலையும் சரிந்தது. 2021இல் நிறுவனம் அதன் வளர்ச்சிப் பணியைக் கைவிட்டு, அட்டைகளை ஆடுவோர் அனைவருக்கும் இலவசமாக்கியது. நேற்றுவரை அரியதாயிருந்தது ஓர் அறிவித்தலால் எவருக்கும் உரியதாயிற்று. மங்கிய ரோஜா முத்திரைக்கு அவ்வாறு நேர வழியே இல்லை.

இனி, பொதியைக் கிழிப்போர் பெரும்பாலும் பிழைபடும் ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு ஒரு பொதியில் ஓர் அட்டை வருமென்று அறிவித்திருந்தால், நூறு பொதி வாங்கினால் அது நிச்சயம் கிடைக்கும் எனச் சிறுவர் எண்ணுகின்றனர். ஒவ்வொரு பொதியும் முந்தியதை அறியாது. நூறு பேர் ஆளுக்கு நூறு பொதி வாங்கினால், அவர்களுள் ஏறக்குறைய 37 பேர் அவ்வட்டையைக் காணமாட்டார்கள். சில விளையாட்டுகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் ஒன்றைத் தருவதாக உறுதி கூறுகின்றன. ஆனால் எல்லா விளையாட்டுகளும் அவ்வாறு செய்வதில்லை.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது வெறுங் கணிதம் அன்று. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயென அறிவிக்கப்பட்டது. மூன்று டாலருக்குப் பொதி வாங்குதல் அமெரிக்கப் பிள்ளைக்குச் சில்லறைச் செலவு. அவ்வாண்டு நாணய மாற்றின்படி இங்கே அது ஏறக்குறைய 900 ரூபாய், அதாவது தாய் கொழுந்து கொய்த நாளில் மூன்றில் இரண்டு பங்கு. கைத்தொலைபேசிக்கு நிரப்பும் ரீலோட் பணத்திலிருந்து அது கழிந்துபோகுமிடத்து, வீட்டார் பல நாள் அறிவதுமில்லை.

வேறு நாடுகளிலே அரசுகள் இதனைக் கவனித்துள்ளன. குறித்த அட்டைகளை முழுத்தொகுதியாகச் சேர்த்தாலன்றிப் பரிசில்லை என்னும் முறையை ஜப்பான் 2012இல் சட்டவிரோதமெனக் கொண்டது. சீனா 2017இல் வாய்ப்பு வீதங்களை வெளியிடுமாறு கட்டளையிட்டது. பெல்ஜியம் 2018இல் பணங்கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. ஆப்பிள் நிறுவனமும் 2017 டிசெம்பர் முதல் தன் கடையில் உள்ள விளையாட்டுகள் அவ்வீதங்களை வாங்குமுன்னரே காட்ட வேண்டுமென விதித்தது.

ஆகவே அவ்வட்டவணை பல விளையாட்டுகளில் ஏதோவொரு மூலையிற் சிற்றெழுத்தில் இருக்கவே செய்கிறது. நிகழ்தகவு பாடத்தைப் பயிலும் மாணவன் பேருந்து பசறை சேருமுன்னரே அதைத் தேடியெடுத்து, தான் விரும்பும் அட்டைக்கு எத்தனை பொதி, எத்தனை ரூபாய், அம்மாவின் எத்தனை நாட்கூலி என்று கொப்பியின் பின்பக்கத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.