அமெரிக்காவின் கரண்ட் பில் அரசியல்

அஞ்சுகிராமத்திலிருந்து கிழக்கே மாவட்ட எல்லையைத் தாண்டினால் செட்டிகுளத்தில் அணு விஜய் நகரியம். அதையும் தாண்டினால் கூடங்குளம். அங்கே ஓடும் ஓர் அணு உலையின் திறன் 1,000 மெகாவாட். அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுக்கென்று எழும் பெரிய தரவு மையங்களில் ஒன்றுக்கு அப்படி ஓர் உலை முழுதாக வேண்டும். டெக்சாஸ் மாநிலத்து அபிலீன் நகரில் ஓபன்ஏஐ நிறுவனத்துக்காகக் கட்டப்படும் வளாகத்தின் திட்ட அளவு சுமார் 1,200 மெகாவாட்.

இந்தப் பசிதான் இன்று அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் பில்லையும் தேர்தலையும் அணுசக்திக் கொள்கையையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது. அணு உலைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்த முடிச்சைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

தரவு மையம் ஏன் இவ்வளவு கரண்ட் இழுக்கிறது?

நாம் செல்போனில் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராவது எங்கோ ஒரு கட்டடத்தில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில். செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகள் பழைய சிப்புகளைவிடப் பல மடங்கு மின்சாரம் எடுப்பவை. அதற்கேற்ப சூடும் ஆகும். அந்தச் சூட்டைத் தணிக்கவும் கரண்ட் வேண்டும். இரவு பகல் ஓய்வு கிடையாது. 2023இல் அமெரிக்கா பயன்படுத்திய மொத்த மின்சாரத்தில் 4.4 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. 2028இல் இது 6.7 முதல் 12 சதவீதம் வரை ஆகலாம் என்று லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2024 டிசம்பரில் கணித்தது.

அதற்கு வீட்டுக்காரர் பில் ஏன் ஏறவேண்டும்?

மின்சாரத்துக்கு இரண்டு விதச் செலவு உண்டு. ஓடிய யூனிட்டுக்கான விலை ஒன்று. தேவை உச்சத்துக்குப் போகும் நாளில் கை கொடுப்பதற்காக மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் செலவு இன்னொன்று. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டித் தேதியைப் பிடித்துவைப்பது போன்றது இந்த இரண்டாவது செலவு. கிழக்கு அமெரிக்காவில் 13 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் நகருக்கும், சுமார் 6.7 கோடி மக்களுக்கு, மின் கட்டமைப்பை நடத்துவது பிஜேஎம் என்ற அமைப்பு. தயார்நிலைக்கான இந்த விலையை அது ஏலம் விட்டுத் தீர்மானிக்கிறது.

2024-25ஆம் ஆண்டுக்கான ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலர் என்று முடிந்த விலை, அடுத்த ஆண்டுக்கு 269.92 டாலராக எகிறியது. 2026-27க்கு 329.17 டாலர். இதற்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்ததால்தான் அங்கேயாவது நின்றது. பழைய அனல் நிலையங்கள் மூடப்பட்டதும் புதியவை இணையத் தாமதமானதும் காரணங்கள்தான். ஆனாலும் எதிர்பார்க்கப்படும் தரவு மையத் தேவைதான் பெரிய காரணம் என்று அந்தச் சந்தையின் கண்காணிப்பாளரே சொன்னார். இந்தச் செலவு கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் பங்காகி விழுகிறது. கணினியையே தொடாத ஓய்வூதியக்காரரும் அதில் ஒரு பங்கைக் கட்டுகிறார்.

தேர்தலில் என்ன நடந்தது?

2025 நவம்பர் 4 தேர்தலில் நியூ ஜெர்சி ஆளுநர் பதவிக்கு நின்ற மிக்கி ஷெரில், கட்டண உயர்வை நிறுத்திவைக்க அவசரநிலை அறிவிப்பேன் என்று வாக்குறுதி தந்து வென்றார். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல மக்கள் தேர்ந்தெடுப்பவர்.

அதே நாளில் ஜார்ஜியாவில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மின் கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையத்தின் உறுப்பினர்களை அந்த மாநிலத்தில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர்களை அரசு நியமிக்கிறது. மக்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசும் உரிமை மட்டும் உண்டு. ஜார்ஜியா ஆணையத்தில் அதுவரை குடியரசுக் கட்சியினர் மட்டுமே இருந்தனர். தேர்தல் நடந்த இரண்டு இடங்களையும் ஜனநாயகக் கட்சி பிடித்தது.

அங்கே கோபத்துக்குப் பழைய காரணமும் ஒன்று உண்டு: வோக்டில் அணுமின் நிலையம். அதன் மூன்றாம், நான்காம் உலைகள் 2023, 2024இல் ஓடத் தொடங்கியபோது திட்டம் ஏழு ஆண்டு பிந்தியிருந்தது. மொத்தச் செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் பெரும் பங்கு மக்களின் பில்லில் ஏறியது.

மின்சாரம் ஆட்சியை அசைக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011இல் திமுக தோற்றதற்கு மின்வெட்டும் ஒரு காரணம். வந்த அதிமுக ஆட்சியிலும் கரண்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாளே ஜெயலலிதாவின் அமைச்சரவை கூடங்குளத்துக்குப் பச்சைக்கொடி காட்டியது.

அணு உலைகளுக்கு ஏன் திடீர் மவுசு?

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் தீவில் இரண்டாம் உலை பகுதியளவு உருகியது. அதன் பிறகு அமெரிக்காவில் புதிய உலை கட்டும் ஆசையே வற்றிப்போனது. விபத்தில் சிக்காத முதல் உலை தொடர்ந்து ஓடி, விலைபோகாமல் 2019இல் மூடப்பட்டது. அதே உலையைத்தான் இப்போது திரும்ப ஓடவைக்கப் போகிறார்கள். அதன் 835 மெகாவாட்டையும் 20 ஆண்டுக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. மிச்சிகனில் 2022இல் மூடிய பாலிசேட்ஸ் நிலையத்துக்கும் அரசுக் கடனுதவியோடு மறுவாழ்வு. நாட்டின் அணுமின் திறனைச் சுமார் 100 கிகாவாட்டிலிருந்து 2050க்குள் 400 ஆக்க வேண்டும் என்று 2025 மே மாதம் டிரம்ப் ஆணையிட்டார்.

காற்றாலையும் சூரியத் தகடும் மலிவுதான். ஆனால் முப்பந்தலின் காற்று எந்த மாதத்தில் வீசும், எந்த மாதத்தில் ஓயும் என்று நமக்குத் தெரியும். தரவு மையத்துக்கு அந்த ஓய்வு ஆகாது. அணு உலை இடைவிடாமல் ஓடும், புகை விடாது. ஆனால் புதிதாகக் கட்டப் பத்தாண்டு பிடிக்கும். அதனால் உடனடித் தேவைக்கு அமெரிக்க நிறுவனங்கள் பெருமளவு இயற்கை எரிவாயுவைத்தான் நாடுகின்றன.

இங்கே நமக்கு என்ன?

2011-12இல் கூடங்குளம் உலைகளை எதிர்த்து இடிந்தகரையில் மீனவர்கள் எழுப்பிய கேள்வி உயிரையும் கடலையும் பற்றியது. அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அமெரிக்க அனுபவம் அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறது: உலையோ கம்பியோ யாருக்காகக் கட்டப்படுகிறது, அந்தக் கடனை யார் அடைக்கிறார்கள்?

கூடங்குளத்தின் முதல் இரு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கென ஒதுக்கப்பட்டது 925. மற்றவை கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கும் மத்தியத் தொகுப்புக்கும் போயின. எல்லாம் அரசு நிறுவனம் அரசு வாரியங்களுக்கு விற்கும் ஏற்பாடு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் இதை மாற்றுகிறது. தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் நடத்தலாம். கருவி பழுதால் விபத்து நேர்ந்தால் அதை விற்ற நிறுவனத்திடம் நிலையம் ஈடு கேட்க 2010 சட்டம் தந்த உரிமை சுருங்கிவிட்டது: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அல்லது வேண்டுமென்றே செய்த தவறாக இருந்தால் மட்டுமே கேட்கலாம். அமெரிக்க உலை நிறுவனங்கள் இங்கே வரத் தயங்கியதற்கு அந்தப் பழைய விதி ஒரு முக்கியக் காரணம். இன்னொரு பக்கம், விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் செலவில் கிகாவாட் அளவிலான தரவு மையம் அமைப்பதாக கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது.

கடனை யார் அடைப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே ஏஇபி நிறுவனத்திடம் மின்சாரம் கேட்கும் பெரிய தரவு மையங்கள், கேட்ட அளவில் 85 சதவீதத்துக்காவது, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், 12 ஆண்டு வரை பணம் கட்டவேண்டும் என்று 2025 ஜூலையில் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. நம்மூர் மில்லும் ஐஸ் பேக்டரியும் கட்டும் டிமாண்ட் சார்ஜின் நீண்டகால வடிவம் அது. நிறுவனம் பாதியில் கிளம்பிவிட்டால், போட்ட கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் ஊர் மக்கள் தண்டம் கட்டவேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெரிய தரவு மையத்துக்கு ஒப்புதல் என்று செய்தி வந்தால், முதலீட்டுத் தொகைக்கும் வேலை எண்ணிக்கைக்கும் கீழே இன்னொன்றைத் தேடவேண்டும். எத்தனை மெகாவாட் கேட்கிறார்கள், என்ன கட்டணத்தில், எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்து என்பது அது. செய்தியில் அந்த விவரம் இல்லையென்றால், மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் நமக்கிருக்கும் வாய்ப்பு அதுதான்.