பாடுவது மரமா, கையா?

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, நம் சங்க அன்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆறு ஆண்டுகளாகக் கிதார் பயில்கிறான். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் தம் கையால் செய்த கிதார் வேண்டுமென்பது அவன் ஆசை. விலையைக் கேட்ட தந்தைக்கோ தலை சுற்றியது. "ஒரு மரப்பெட்டிக்கும் ஆறு தந்திக்குமா சார் இவ்வளவு பணம்? நீங்கள்தாம் இவனுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகட்கு முன் நானும் ஒரு கிதார் வாங்கி ஏமாந்தவன். விளிம்பெல்லாம் முத்துச்சிப்பி, மேனியெல்லாம் கண்ணாடி போன்ற மெருகு. செவியைக் கேளாமல் கண்ணைக் கேட்டு வாங்கினேன். தில்லியின் லூக் காற்று ஒரு மாதம் வீசிற்று. மேற்பலகை நீளவாட்டில் பிளந்துவிட்டது. அந்த நட்டத்திற்குப் பிறகே இக்கருவியைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். கற்றதில் சிறிதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிதாரில் நாதம் பிறக்கும் வழி எளியது. மீட்டப்பட்ட தந்தி மிக மெல்லியதாகவே ஒலிக்கும். அதன் அதிர்வைக் குதிரை வாங்கி மேற்பலகைக்குத் தருகிறது. அப்பலகையும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்து அதனைப் பெருக்குகின்றன. நமது தஞ்சாவூர் ஏகாண்ட வீணையை ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்வர். கிதாரோ மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிய கூடு. அதன் மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது; கனம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து அதனை நாற்பது கிலோ அளவுக்கு இழுக்கின்றன. எஃகுத் தந்திகளாயின் எழுபது கிலோவுக்கும் மேல். கனத்தால் பலகை ஊமையாகும். மென்மையால் வளைந்து ஒடியும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழைப் பாதையைக் கண்டறிவதே கைவினைஞனின் திறமை. அவன் பலகையை விரலால் தட்டிக் கேட்கிறான், இழைக்கிறான், மீண்டும் தட்டுகிறான். ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் ஒன்றுபோல் இரா. ஆதலின், எல்லாப் பலகையையும் ஒரே அளவில் சீவும் இயந்திரத்தால் இவ்வேலை முழுவதும் முடிவதில்லை.

இக்கலையின் தந்தை எனத்தக்கவர் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ் (1817–1892). மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி போல் விரிந்த மெல்லிய சட்டங்களை அமைத்து, பெட்டியையும் பெரிதாக்கி, இன்றைய செவ்வியல் கிதாருக்கு உருவம் தந்தவர் அவரே. நாதத்தின் உயிர் மேற்பலகையில்தான் உள்ளது என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்க 1862-இல் முதுகும் பக்கங்களும் காகிதக் கூழாலான ஒரு கிதாரையே செய்து காட்டினார்! பார்ஸலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

அவர் வழியில் வந்து வேறு சுவை படைத்தவர் மியூனிக் நகரத்து ஹெர்மன் ஹவுஸர் (1882–1952). தோர்ரெஸின் கருவிகள் கனிந்த குரல் உடையவை. ஒலி உருண்டு திரண்டு வரும். ஹவுஸரின் கருவியிலோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிந்து நிற்கும். நான்கு சுரங்களை ஒருங்கே மீட்டினும் நான்கும் கேட்கும். அவர் 1937-இல் செய்த கிதாரைத்தான் மாமேதை ஆந்த்ரேஸ் செகோவியா கால் நூற்றாண்டுக் காலம் மேடைதோறும் வாசித்தார். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ளது.

எஃகுத் தந்திக் கிதாரின் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து 1833-இல் அமெரிக்கா சென்று குடியேறியவர் கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின். விசிறிக்குப் பதிலாகப் பெருக்கற்குறி போல் குறுக்கிட்ட சட்டங்களை அவரும் அவர் காலத்தவரும் கையாண்டனர். பிற்காலத்தில் எஃகின் இழுவையைத் தாங்க அவ்வமைப்பே உதவிற்று. அந்நிறுவனத்தின் பெரிய உடல் கொண்ட டி-28, ஈட்டி இனத்து மரத்தால் ஆனது. அடித்தொனி ஆழ்ந்து முழங்கும். மேலே கார்வைகள் படரும். மஹாகனியாலான டி-18 அவ்வாறன்று. அதன் குரல் வறண்டு, நேரே வந்து செவியில் படும். பாட்டுக்குத் துணை வாசிப்போர் பலர் பின்னதையே விரும்புவர். சிப்பி இழைத்த டி-45 என்னும் வகையில் 1933 முதல் 1942 வரை செய்தவை 91 மட்டுமே. அவற்றின் விலை இன்று வானை முட்டுகிறது. எனினும் அதனை ஏற்றியது அருமையும் புகழும் கூட. சிப்பி பாடுவதில்லை!

இனி, நமக்கு உறவான ஒரு செய்தி. கிதாரின் முதுகுக்கு முன்னாளில் உயர்வாகக் கருதப்பட்டது பிரேஸில் நாட்டு ரோஸ்வுட். அது கிடைப்பது அரிதாகவே, மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அஃது எது என்கிறீர்கள்? நீலகிரியிலும் ஆனைமலையிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் நமது ஈட்டி மரம்தான். தோதகத்தி என்றும் சொல்வர். பாட்டனார் காலத்துக் கட்டிலாகவும் மேசையாகவும் நாம் கண்ட அதே மரம்! பிரேஸில் மரத்தின் பன்னாட்டு வாணிபம் 1992 முதல் தடைபட்டுள்ளது. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டிலும் 1994-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிறந்த ஸ்பானிய கிதார்களுக்கு மெருகேற்றப் பயன்பட்ட அவலரக்கும் பெரும்பாலும் நம் நாட்டின் காடுகள் தந்ததே.

அவ்வாறாயின், அரிய மரத்துக்கு அரிய குரல் உண்டா? இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நிகழ்த்தி 2018-இல் முடிவை வெளியிட்டனர். முதுகும் பக்கங்களும் மட்டும் ஆறு வேறு மரங்களாலும் மற்றவை ஒன்றுபோலவும் ஆறு கிதார்களை ஒரே கைவினைஞர் செய்தார். 52 கலைஞர்கள் கருவியைக் கண்ணால் அடையாளம் காண இயலாதபடி அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். பிரேஸில் மரத்துக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் அளித்த மதிப்பில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை! தோர்ரெஸ் காகிதக் கூழால் சொன்னதை விஞ்ஞானம் நூற்றைம்பது ஆண்டுகட்குப் பின் வழிமொழிந்தது எனலாம்.

வாங்க விழைவோர் நோக்க வேண்டியவை சில. மேற்பலகை ஒட்டுப்பலகையா, முழு மரமா என்பதை ஒலித்துளையின் விளிம்பில் காணலாம். முழு மரமாயின் மேலே தெரியும் ரேகை உள்ளேயும் தொடரும். ஒவ்வொரு மெட்டிலும் சுரம் சுத்தமாகப் பேசுகிறதா? மெல்ல மீட்டினும் குரல் உயிரோடு இருக்கிறதா? கழுத்து நேராக உள்ளதா? இவற்றின் பிறகே அழகு. வாங்கியபின் கருவி இருக்கும் இடத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் நலம். தில்லியின் கோடையில் பெட்டிக்குள் ஈரம் காக்கும் சாதனம் இன்றியமையாதது. சென்னைக்கு எடுத்துச் சென்றாலோ மிகு ஈரமே பகையாகும்.

அன்று இவற்றையெல்லாம் கேட்ட தந்தை, மறுவாரம் பையனின் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். அங்கு இரு கிதார்கள் இருந்தன: ஒன்று விலையுயர்ந்தது, அணிகள் மிகுந்தது, மற்றது மஹாகனியாலான எளிய கைவேலை, விலை அதில் மூன்றில் ஒரு பங்கு. அவரைச் சுவரைப் பார்த்து அமரச் செய்து, பையன் ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தான். "இரண்டாவது தான் பேசுகிறது" என்றார் தந்தை. திரும்பிப் பார்த்தால், அது எளியது!

பையன் முகத்தில் சிறிது ஏமாற்றம் படர்ந்தது. ஆனால் அதனையே மீண்டும் எடுத்து, கண்ணை மூடி, நெடுநேரம் வாசித்தான். பிறகு, "அப்பா சொல்வது சரி சார்" என்றான். அதனையே வாங்கினர். பணம் மிச்சமாயிற்று என்பதைவிட, ஆறு ஆண்டுகளில் முதன்முறையாகத் தந்தை மகனின் வாசிப்பை முழுவதும் அமர்ந்து கேட்டார் என்பதே எனக்கு மகிழ்ச்சி தந்தது.