சோலை வரித் துண்டில் அம்மம்மாவின் பெயர்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். நீ இருக்கிற வீட்டில் உனக்கு முன் யார் இருந்தார்கள்? நாங்கள் இருப்பது பென்ரோஸில், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகை வீட்டில். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போதுதான் வரிப் புத்தகங்களைப் பற்றி அறிந்தேன். வரி அறவிடுவதற்காகச் சபைகள் எழுதி வைத்த பேரேடுகள் அவை. உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார், காணியின் விபரம், மதிப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். ஓக்லண்ட் மாநகர சபையின் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஆனால் ஓக்லண்ட் என்று தேடிப் பிரயோசனம் இல்லை. 1989 வரை இந்தப் பக்கம் வன் ட்ரீ ஹில், மவுண்ட் வெலிங்டன் என்ற தனிச் சபைகளின் கீழ் இருந்தது. அந்தப் பெயர்களில்தான் தேட வேணும்.

"எங்கட யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் இப்படி இருக்குமோ?" என்று மகள் கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தா. 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அம்மம்மா காவிக்கொண்டு போன பை. பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே, மடித்த இடம் கிழிந்த ஒரு சோலை வரித் துண்டு. யாழ்ப்பாண மாநகர சபை, 1964. அதில் இருந்தது அம்மம்மாவின் பெயர்.

நாங்கள் எல்லாரும் 'அம்மப்பாவின் வீடு' என்றுதான் சொல்லி வளர்ந்தோம்.

"அது அம்மாட சீதன வீடு. அப்பா வந்து குடியிருந்தவர்" என்றா அம்மா, சாதாரணமாக. ஓக்லண்ட் புத்தகத்தின் கணக்கில் பார்த்தால் அம்மம்மா உரிமையாளர், அம்மப்பா குடியிருப்பாளர்! சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்பது தேசவழமைச் சட்டம். 1707இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் தொகுத்தார்கள். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

வரித் துண்டு உரிமைக்கு முடிவான சாட்சி இல்லை, வரி யார் பெயரில் பதிந்திருந்தது என்றுதான் அது காட்டும். உரிமைக்கு உறுதியைத் தேட வேணும். ஆனால் துண்டில் வீதியும் இலக்கமும் இருப்பதால் எங்கே தொடங்குவது என்று தெரிகிறது. (தமிழ்நாட்டு ரசீதில் பசலி ஆண்டு இருந்தால் குழம்ப வேண்டாம், 590ஐக் கூட்டுங்கள். பசலி 1374 என்றால் 1964 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.)

உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர் அம்மாவுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. அதை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காணிப் பதிவகத்தில் கேட்க வேணும்.